காட்டிடை நின்ற பெருஞ்செவி

நுழையும்முன்

போருக்கென எழுப்பப்பட்டவை, காலம் மாறியதும் பெரும்பாலும் இடிபாடுகளாகவோ அருங்காட்சியகங்களாகவோ ஆகிவிடுகின்றன. படைத்துறை உருவாக்கிய ஒரு பெருங்கருவி, பழுதாக்கிக் கைவிடப்பட்ட பின்னும் மீண்டும் உயிர்பெற்று முற்றிலும் வேறொரு பணியைச் செய்வது அரிது. பால்டிக் கடலோரக் காட்டுக்குள் நிற்கும் அத்தகைய கருவி ஒன்றின் வரலாற்றையும், அது இன்று இயங்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மரங்களுக்கு மேலே ஒரு கிண்ணம்

ஐரோப்பாவின் வடகிழக்கில், பால்டிக் கடலின் கரையில் அமைந்த சிறிய நாடு லாத்வியா. அதன் மேற்குக் கரையிலுள்ள துறைமுக நகரம் வென்ட்ஸ்பில்ஸ். அங்கிருந்து கோல்கா முனையை நோக்கி வடகிழக்கே செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம் செய்வோர், இருமருங்கும் பைன் மரங்களையன்றி வேறெதையும் காண்பதில்லை. ஊர் இருப்பதற்கான அடையாளமும் இல்லை. சாலையை விட்டுப் பிரிந்து காட்டுக்குள் திரும்பிய பிறகே, மர உச்சிகளுக்கு மேலே வெண்ணிறக் கிண்ணம் ஒன்று வானை நோக்கி நிமிர்ந்திருப்பது தெரிகிறது. அதன் விட்டம் 32 மீட்டர். பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உயரத்துக்கு நிகரானது. எடை சுமார் 600 டன். இவ்வளவு பெரிய உருவம், வானத்தின் எந்தத் திசையையும் நோக்கித் திரும்பவல்லது என்பதை அது அசைவதை நேரில் காணும்வரை நம்புவது கடினம்.

இவ்விடத்தின் பெயர் இர்பெனே. அருகே ஓடிக் கடலில் கலக்கும் இர்பே ஆற்றிலிருந்து பெற்ற பெயர். கிண்ணத்தை அடைவதற்குமுன் பார்வையாளர் கடந்து செல்வது ஆளற்ற ஒரு குடியிருப்பு. படைவீரர்களும் பொறியாளர்களும் தம் குடும்பத்தோடு வாழ்ந்த அடுக்குமாடி வீடுகள், பள்ளிக்கூடம், கடை ஆகியவை அங்கே இருந்தன. சன்னல்களில் கண்ணாடி இல்லை. கதவுகள் இருந்த இடங்களில் இருள். வீட்டுத் திண்ணைகளை ஒட்டிப் பிர்ச் மரங்கள் முளைத்து, மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. சோவியத் காலத்தில் அச்சான பொது நிலப்படங்களில் இந்த ஊர் இடம்பெறவில்லை. நிலப்படத்தில் இல்லாத ஊரில் குழந்தைகள் பிறந்தன, பள்ளிக்குச் சென்றன, பனிக்காலத்தில் சறுக்கி விளையாடின என்பது எண்ணிப் பார்க்கத்தக்க முரண்.

அடைக்கப்பட்ட கடற்கரை

இர்பெனேயின் கதையை அக்கடற்கரையின் கதையிலிருந்து பிரித்துக் கூற இயலாது. 1918இல் விடுதலை பெற்ற லாத்வியா, 1940இல் சோவியத் ஒன்றியத்தால் கைப்பற்றப்பட்டது. இடையில் செருமானியப் படையின் பிடியில் இருந்து, போரின் முடிவில் மீண்டும் சோவியத் ஆட்சிக்குள் வந்தது. கடலுக்கு அப்பால் இருந்தது சுவீடன். ஆகவே சோவியத் ஒன்றியத்தைப் பொறுத்தவரை இக்கரை வெறும் மீன்பிடிக் கரையன்று. நாட்டின் மேற்கு எல்லை. எல்லை என்பதால் அது காவலுக்கு உட்பட்ட பகுதியாயிற்று. இசைவுச் சீட்டு இன்றி எவரும் வரக்கூடாது. மாலையில் கடற்கரை மணலைப் பரம்படித்துச் சமமாக்கிவிடுவர். இரவில் எவரேனும் கடலுக்குள் சென்றாலோ கடலிலிருந்து கரையேறினாலோ காலையில் காலடித்தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கரையில் லிவோனியர் என்னும் சிறுபான்மை மீனவ மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தனர். அவர்களுடைய மொழி லாத்விய மொழிக்கு உறவானதன்று. பின்னிய மொழி, எஸ்தோனிய மொழி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலோரத்தில் வரிசையாக அமைந்த பன்னிரண்டு சிற்றூர்களே அம்மொழியின் கடைசிப் புகலிடம். கடலுக்குச் செல்லத் தடை வந்தபின் மீனவன் கடற்கரையில் இருந்து என்ன செய்வான்? இளையோர் தொழில் தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மாசிர்பே என்ற ஊரில், கடலேறாத மரப்படகுகள் காட்டுக்குள் கிடந்து மட்கிய இடம் இன்றும் படகுகளின் இடுகாடு என்றே சுட்டப்படுகிறது. ஊர்கள் வெறுமையாயின, வீட்டிலும் தெருவிலும் பேச ஆளின்றி மொழி ஒடுங்கியது. அதனைத் தாய்மொழியாகக் கற்று வளர்ந்த தலைமுறையின் கடைசிப் பேச்சாளராகக் கருதப்பட்ட கிரிசெல்டா கிறிஸ்டினா, தம் கரையிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், கனடாவில், 2013இல் தம் 103ஆம் அகவையில் மறைந்தார். இம்மொழியைக் கற்கும் முயற்சிகள் இப்போது மீண்டும் நடைபெறுகின்றன என்றாலும், அவை நூலிலிருந்து தொடங்கும் முயற்சிகள்.

மக்கள் விலகிச்சென்ற கரை, மறைவாக ஒன்றைக் கட்டுவதற்கு ஏற்ற கரையாகவும் அமைந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இர்பெனேக் காட்டுக்குள் அலைவாங்கிகள் எழுந்தன. அவற்றுள் பெரியவை இரண்டு: 32 மீட்டர் விட்டமுள்ள ஒன்று, 16 மீட்டர் விட்டமுள்ள மற்றொன்று. மூன்றாவதாக ஒரு சிறிய அலைவாங்கியும் இருந்தது. நிலையத்துக்குச் சோவியத் படையினர் இட்ட மறைபெயர் 'சுவேஸ்தோச்கா'. உருசிய மொழியில் 'சின்னஞ்சிறு விண்மீன்' என்று பொருள். அலைவாங்கிகளுக்குச் சனி, புளூட்டோ, யுரேனசு எனக் கோள்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். வானியலோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதிருந்த ஓரிடத்துக்கு வானியல் பெயர்கள் அமைந்தது தற்செயல்தான். பின்னாளில் அது பொருந்திப்போயிற்று.

ஒலிப்பதும் கேட்பதும்

லாத்விய மக்கள் பேச்சுவழக்கில் இந்நிலையத்தை ரேடார் என்ற பொருள்பட 'லொக்காட்டர்' என்றே அழைப்பர். நுணுகி நோக்கின் அப்பெயர் முழுதும் பொருந்தாது.

ரேடார் என்பது முதலில் ஒலித்து, பின்னர் கேட்பது. அது வலிமை மிக்க ரேடியோ அலைகளைச் சிறு துடிப்புகளாக வெளியிடுகிறது. அவ்வலைகள் வானூர்தி, கப்பல், ஏவுகணை போன்ற பொருள்மீது பட்டு எதிரொலிக்கின்றன. அலை சென்று திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், எதிரொலி ஆயிரத்தில் ஒரு நொடியில் திரும்பினால் பொருள் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பொருள். மலைப்பாறையை நோக்கிக் கூவி, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை மதிப்பிடும் ஆடு மேய்க்கும் சிறுவன் செய்வதும் இதுவே.

இர்பெனேயின் கிண்ணங்களோ கூவவில்லை, கேட்டன. மேற்கு நாடுகளின் செயற்கைக்கோள்கள் வழியாக நிகழ்ந்த தகவல் பரிமாற்றங்களை ஒற்றுக்கேட்பது அவற்றின் பணி. செயற்கைக்கோள் பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை தரையை அடையும்போது மிகவும் நலிந்துவிடும். நலிந்த அலையைப் பிடிக்கப் பெரிய கிண்ணம் வேண்டும். மழைநீரைச் சேர்க்க வாயகன்ற பாத்திரம் வைப்பது போன்றதே இது. 32 மீட்டர் கிண்ணத்தின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 800 சதுர மீட்டர். அப்பரப்பில் விழும் அலையனைத்தும், பரவளைய வடிவத்தின் பண்பால், ஒரே குவியத்தில் வந்து சேர்கின்றன.

உண்மையான ரேடார் நிலையம் ஒன்றும் லாத்வியாவில் இருந்தது. நாட்டின் தென்மேற்கே ஸ்க்ருந்தா என்னும் ஊரருகே அமைந்த அது, மேற்குத் திசையிலிருந்து ஏவுகணை வருமானால் முன்கூட்டியே அறிவிப்பதற்காக நிறுவப்பட்டது. இவ்விரு நிலையங்களும் ஒரே ஆட்சியால், ஒரே அச்சத்தின் விளைவாகக் கட்டப்பட்டவை. அவற்றின் முடிவு மட்டும் வெவ்வேறாயிற்று.

இரு நிலையங்கள், இரு முடிவுகள்

1989 ஆகஸ்டு 23 அன்று எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் மக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர், தாலின் நகரிலிருந்து ரீகா வழியாக வில்னியசு வரை, 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கைகோத்து நின்று விடுதலை வேட்கையை உலகுக்கு உணர்த்தினர். 1990 மே 4 அன்று லாத்வியா விடுதலையை மீட்பதாக அறிவித்தது. 1991 ஆகஸ்டில் அது முழுமை பெற்றது. ஆயினும் நாட்டின் மண்ணில் அயல்நாட்டுப் படை நின்றது. நீண்ட பேச்சுகளுக்குப் பின், 1994 ஆகஸ்டு 31க்குள் உருசியப் படை வெளியேறுவதென்றும், ஸ்க்ருந்தாவில் இயங்கிவந்த பழைய ரேடார் மட்டும் 1998 ஆகஸ்டு வரை செயல்படுவதென்றும் உடன்பாடு ஏற்பட்டது.

ஸ்க்ருந்தாவில் பழைய ரேடாருக்கு அருகே, கட்டி முடிக்கப்படாத புதிய ரேடார்க் கட்டடம் ஒன்று 19 மாடி உயரத்துக்கு நின்றது. 1995 மே 4 அன்று, விடுதலை அறிவிப்பின் ஐந்தாம் ஆண்டு நாளில், அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை வெடிவைத்துத் தகர்த்தது. நாடே அதைக் கண்டது. அந்தக் கட்டடம் சரிந்தபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. அவர்களுக்கு அது கருவியன்று, அடிமைத்தனத்தின் உருவம்.

இர்பெனேயும் அவ்வாறே மறைந்திருக்கக் கூடும். அந்நிலையைத் தடுத்தவர்கள் லாத்விய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள். காட்டுக்குள் இருப்பது ஒற்றுக்கேட்கும் கருவி என்றாலும், அதன் கட்டமைப்பு விண்ணை ஆராயும் ரேடியோ தொலைநோக்கியின் கட்டமைப்பிலிருந்து வேறுபட்டதன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். புதிதாக விடுதலை பெற்று, பணத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய நாடு, அத்தகைய கருவியைத் தானே கட்டுவது கனவிலும் நடவாதது. இருப்பதைக் காத்துக்கொள்வது ஒன்றே வழி. 1994இல் நிலையம் அறிவியல் கழகத்தின் கைக்கு வந்தது.

கைக்கு வந்தது கிண்ணம். இயங்கும் கருவி அன்று. வெளியேறிய படையினர், பின்வருவோர்க்குப் பயன்படாதபடி அதனைப் பழுதாக்கிவிட்டுச் சென்றிருந்தனர். மின்வடங்கள் வெட்டப்பட்டிருந்தன. சில வடங்களில் ஆணிகள் அறையப்பட்டிருந்தன. கிண்ணத்தைத் திருப்பும் மின்னோடிகளில் அமிலம் ஊற்றப்பட்டிருந்தது. இவற்றுள் ஆணி அறைதலே மிகக் கொடியது என்று கூறலாம். வெட்டுண்ட வடத்தைக் கண்ணால் கண்டு இணைக்கலாம்; வடத்துக்குள் எங்கோ பாய்ந்த ஆணி, வெளியே தெரியாமல் குறுக்கிணைப்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கான கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தறிய வேண்டும்.

உடைப்பதற்குச் சில நாள்கள் போதுமாயிருந்தன. சீர்செய்ய ஆண்டுகள் ஆயின. வானியலறிஞரும் பொறியாளரும், வானியலுக்கு உரிய பணியைத் தொடங்குமுன் மின்பணியாளராகவும் கம்மியராகவும் உழைக்க நேர்ந்தது. படிப்படியாகக் கிண்ணம் மீண்டும் அசைந்தது. நிலையம் வென்ட்ஸ்பில்ஸ் பன்னாட்டு ரேடியோ வானியல் மையம் என்ற பெயர்பெற்று, பின்னர் அந்நகரின் உயர்கல்வி நிறுவனத்தோடு இணைந்தது. 2010களின் நடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியால் இரு தொலைநோக்கிகளும் முறையாகப் புதுப்பிக்கப்பட்டன. 16 மீட்டர் தொலைநோக்கிக்குப் புதிய கிண்ணமே பொருத்தப்பட்டது.

போர்க்கருவியின் வழித்தோன்றல்

இர்பெனே தனித்த நிகழ்வன்று. ரேடியோ வானியல் என்னும் துறையே ஒருவகையில் போர்க்கருவிகளின் மிச்சத்திலிருந்து வளர்ந்தது எனலாம்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் காரல் ஜான்ஸ்கி, தொலைபேசித் தொடர்பில் ஏற்பட்ட இரைச்சலின் காரணத்தைத் தேடியபோது, அவ்விரைச்சலின் ஒரு பகுதி பால்வீதியிலிருந்து வருவதைக் கண்டறிந்தார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். 1942 பிப்ரவரியில் பிரித்தானியத் தரைப்படையின் ரேடார்களைத் திடீரென ஓர் இரைச்சல் முடக்கியது. பகைவரின் சூழ்ச்சி என்றே அனைவரும் ஐயுற்றனர். அதனை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹே, இரைச்சல் வரும் திசை கதிரவனோடு சேர்ந்தே நகர்வதைக் கண்டார். கதிரவனில் அப்போது பெரிய கரும்புள்ளி ஒன்று தோன்றியிருந்தது. கதிரவனும் ரேடியோ அலைகளை உமிழ்கிறது என்னும் உண்மை இவ்வாறு போர்க்களத்தில் கிடைத்தது. போர் முடியும்வரை மறைவாகவும் வைக்கப்பட்டது.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டு திசம்பரில், பெர்னார்ட் லவல் படைத்துறை கைவிட்ட ரேடார் ஒன்றை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் என்னுமிடத்துக்குக் கொண்டுசென்றார். எரிவிண்மீன்களின் எதிரொலி அதில் பதிந்தது. செருமானியப் படை விட்டுச்சென்ற 'வூர்ட்ஸ்பர்க்' வகை ரேடார்க் கிண்ணங்கள் ஐரோப்பாவின் பல நாடுகளில் கிடந்தன. 7.5 மீட்டர் விட்டமுள்ள அக்கிண்ணங்களுள் ஒன்றைக் கொண்டு, நெதர்லாந்தின் கூட்வைக் என்னுமிடத்தில் 1951இல், விண்வெளி நீரகத்தின் 21 சென்டிமீட்டர் அலையை டச்சு அறிஞர்கள் பிடித்தனர். அவ்வலை இருக்க வேண்டும் என்பதை அந்நாட்டின் வான் டி ஹுல்ஸ்ட் என்னும் இளைஞர், செருமானியப் படையின் பிடியில் நாடு இருந்த 1944ஆம் ஆண்டிலேயே கணித்துக் கூறியிருந்தார். எந்தப் படை நாட்டை ஒடுக்கியதோ அந்தப் படையின் கருவியே அக்கணிப்பை மெய்ப்பித்தது. பால்வீதியின் சுருள்கரங்களை வரைந்தறிய அந்த 21 சென்டிமீட்டர் அலையே வழிகாட்டியாயிற்று.

கண்ணினும் மங்கலானது

இர்பெனேயின் 32 மீட்டர் தொலைநோக்கி தனித்து நின்று பார்க்கும்போது, அதன் பார்வை மனிதக் கண்ணைவிட மங்கலானது என்றால் வியப்பு தோன்றும். ஒரு தொலைநோக்கியின் கூர்மை, அதன் விட்டத்தை மட்டுமன்றி அது பிடிக்கும் அலையின் நீளத்தையும் பொறுத்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இர்பெனே பிடிக்கும் அலைகளோ சில சென்டிமீட்டர் நீளமானவை. ஆகவே 32 மீட்டர் கிண்ணத்தால் முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காண இயலாது. ஆனால் கண்ணால் காணவே இயலாத ஒன்றை அது காண்கிறது என்பதே அதன் சிறப்பு.

மங்கலைப் போக்க வழி, கிண்ணத்தைப் பெரிதாக்குவது. ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தை எவராலும் கட்ட முடியாது. எனவே வானியலறிஞர் ஓர் உத்தியைக் கையாள்கின்றனர். வெவ்வேறு நாடுகளிலுள்ள தொலைநோக்கிகள், ஒரே நேரத்தில் ஒரே விண்பொருளை நோக்குகின்றன. ஒவ்வொன்றும் தான் பெற்ற அலையை, அணுக்கடிகாரம் காட்டும் நேரக் குறிப்போடு பதிவு செய்கிறது. விண்பொருளிலிருந்து வரும் அலைமுகம் எல்லாத் தொலைநோக்கிகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. மிகச் சிறிய நேர வேறுபாடு உண்டு. பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, அவ்வேறுபாட்டைக் கணினி கொண்டு ஈடுசெய்து இணைத்தால், தொலைநோக்கிகளுக்கு இடைப்பட்ட தொலைவே விட்டமாக அமைந்த ஒரு பெருங்கிண்ணத்தின் கூர்மை கிடைக்கிறது. 8,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரு தொலைநோக்கிகள் இருப்பின், நிலவின் பரப்பில் சில மீட்டர் அளவேயுள்ள இரு பொருள்களைப் பிரித்தறியும் நுட்பம் கைகூடும். அணுக்கடிகாரம் சிறிது பிழைத்தாலும் அனைத்தும் பாழ். ஐரோப்பியத் தொலைநோக்கிகள் இவ்வாறு இணைந்து செயல்படும் வலையமைப்பில் இர்பெனே 2016இல் முழு உறுப்பினராயிற்று. ஒற்றுக்கேட்கக் கட்டப்பட்ட செவி, பிற நாட்டுச் செவிகளோடு சேர்ந்தாலன்றித் தெளிவாகக் கேட்க இயலாது என்ற நிலை வந்தது.

இர்பெனேயின் அறிஞர்கள் தொடர்ந்து கண்காணிப்பவற்றுள் முதன்மையானது, மெத்தனால் மூலக்கூறு 6.7 கிகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் உமிழும் அலை. பெருநிறை கொண்ட விண்மீன் ஒன்று தூசும் வளிமமும் நிறைந்த முகிலுக்குள் உருவாகும்போது, சூழவுள்ள மெத்தனால் மூலக்கூறுகள் தூண்டப்பட்டு இவ்வலையை மிகைப்படுத்தி வெளியிடுகின்றன. இதனை மேசர் என்பர். லேசர் ஒளியில் செய்வதை மேசர் நுண்ணலையில் செய்கிறது. கருவுற்ற முகிலுக்குள் ஒளி ஊடுருவாது. ரேடியோ அலை ஊடுருவி வெளியேறும். மேசரின் வலிமை சில நேரம் நாள்கணக்கிலும் சில நேரம் ஆண்டுக்கணக்கிலும் கூடிக் குறைகிறது. அம்மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமாயின், அதே விண்பொருளைத் திரும்பத் திரும்பப் பல ஆண்டுகள் நோக்க வேண்டும். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. அவற்றைப் பயன்படுத்த அறிஞர் பலர் வரிசையில் காத்திருப்பர். இர்பெனே போன்ற நடுத்தரத் தொலைநோக்கிக்கே இப்பணி வாய்க்கிறது.

இதே வளாகத்தில் 2019இல் வேறுவகை நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது. நெதர்லாந்தை மையமாகக் கொண்டு ஐரோப்பா முழுவதும் பரவிய 'லோஃபார்' என்னும் தாழ் அதிர்வெண் தொலைநோக்கியின் கிளை அது. அதில் கிண்ணமே இல்லை. புல்வெளியில் வரிசையாக நட்ட சிறு அலைவாங்கிகளும், தரையோடு தரையாகப் பரப்பிய பெட்டிகளும் மட்டுமே உள்ளன. 32 மீட்டர் கிண்ணத்தைக் கண்டு வியந்த கண்களுக்கு அது தொலைநோக்கியாகவே தோன்றாது.

ஓர் இரவில் மீண்டும் ரேடார்

2013 பிப்ரவரி 15 அன்று '2012 டிஏ14' என்னும் சிறுகோள் புவியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. தொலைக்காட்சி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் தொலைவினும் இது அண்மையானது. சிறுகோளின் நீளம் சுமார் 40 மீட்டர். அதனை ஆராய ஒரு கூட்டுமுயற்சி நடைபெற்றது. கிரிமியாவின் எவ்பத்தோரியாவில் இருந்த 70 மீட்டர் கிண்ணம் 5 கிகாஹெர்ட்சு அலையைச் சிறுகோளின்மீது பாய்ச்சியது. எதிரொலித்த அலையை, இத்தாலியின் மெதிச்சினாவிலும் இர்பெனேயிலும் உள்ள 32 மீட்டர்த் தொலைநோக்கிகள் பெற்றன. சிறுகோள் சுழல்வதால் எதிரொலியின் அதிர்வெண் சற்றே விரிவடைகிறது. அவ்விரிவிலிருந்து சுழற்சியை அறியலாம்.

அந்த இரவில் இர்பெனே உண்மையாகவே ஒரு ரேடாரின் பாதியாகச் செயல்பட்டது. எவ்பத்தோரியாவின் கிண்ணமும் சோவியத் காலத்தில் கட்டப்பட்டதே. ஒரே ஆட்சி கட்டிய இரு கருவிகள், அவ்வாட்சி மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், இருவேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒரு கல்லைத் தேடின. உக்ரேன், உருசியா, லாத்வியா, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளின் அறிஞர் அப்பணியில் பங்குகொண்டனர். ஓராண்டு கழிந்து 2014 மார்ச்சில் உருசியா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. எவ்பத்தோரியாவின் கிண்ணம் மீண்டும் படைகளின் உலகத்துக்குள் சென்றது.

பார்வையாளர் காண்பவை

இர்பெனேயைக் காண வருவோர் வழிகாட்டியின் துணையோடு அழைத்துச் செல்லப்படுகின்றனர். மாணவர் குழுக்களும் வருகின்றன. இரு தொலைநோக்கிகளுக்கும் இடையே, பனிக்காலத்திலும் பிறர் கண்ணில் படாமல் நடந்து செல்வதற்கென்று நிலத்தடிச் சுரங்கப்பாதை உண்டு. தாழ்ந்த கூரையும் சுவரோரம் வடங்கள் சென்ற தாங்கிகளும் கொண்ட அப்பாதையில் நடப்பவர், மேலே காடு இருப்பதை மறந்துவிடுவர். பிறகு கற்காரைக் கோபுரத்தின் உட்படிகள். பழைய இரும்புக் கதவுகளுக்கு அடுத்த அறையில் புதிய கணினித் திரைகள் ஒளிர்கின்றன.

ரேடியோ வானியல் நிலையங்கள் எங்கும் கைப்பேசியை விரும்புவதில்லை. நிலவில் ஒரு கைப்பேசி இயங்குமானால், புவியிலுள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு அது வானின் மிக வலிமையான அலைமூலங்களுள் ஒன்றாகத் தோன்றும். விண்ணிலிருந்து வரும் அலைகள் அவ்வளவு நலிந்தவை. அருகில் நிற்பவரின் சட்டைப்பையில் உள்ள கருவி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மக்களை விலக்கி வைத்த காலத்தில் இக்காட்டுக்குக் கிடைத்த அமைதியே இன்று வானியலுக்கும் தேவைப்படுகிறது. பெருநகர் ஒன்றின் அருகே இந்தக் கிண்ணம் நின்றிருந்தால், அதனைக் காத்தும் பெரும்பயன் விளைந்திராது.

சற்று வடக்கே, அதே கரையில், மிக்கெல்தோர்னிஸ் என்னும் லிவோனியச் சிற்றூரின் கலங்கரை விளக்கம் 62 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கரைக்குச் செல்ல இப்போது இசைவுச் சீட்டு தேவையில்லை. கோடையில் காளான் பறிப்போரும் மிதிவண்டியில் வருவோரும் காட்டுப்பாதைகளில் திரிகின்றனர். அவர்கள் அண்ணாந்து பார்க்கும் வேளையில், சில நேரங்களில், கிண்ணம் முன்னறிவிப்பின்றித் திரும்பத் தொடங்கும். 600 டன் எடை மெல்ல நகர்ந்து, பைன் மரங்களுக்கு மேலே ஏதோ ஒரு புள்ளியைக் கண்டு நிற்கும். பகல் வானில் அப்புள்ளியில் எதுவும் தெரியாது. கிண்ணம் அங்கேயே நின்று, புவியின் சுழற்சிக்கு ஈடாக அணு அணுவாக நகர்ந்துகொண்டிருக்கும்.